பலகை மேல் இரண்டு வாள்கள்

காலை ஒன்பது மணி ஆகியும் மூடுபனி ஆற்றை விட்டு எழுந்திருக்கவில்லை. கோட்டைக்குக் கீழே சாசவா ஆறு ஓடுகிறது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. மேட்டுப் புல்வெளியில் கூடாரங்கள் இடுப்புக்கு மேல் மட்டும் தெரிந்தன, கீழ்ப்பாதியை யாரோ அழித்துவிட்டாற்போல. லிண்டன் மரங்கள் பூத்திருந்த வாரம் அது. அந்த மணமும் எண்ணெயில் பொரிக்கும் லாங்கோஷ் ரொட்டிக் கடையின் பூண்டு மணமும் எங்கும் போக வழி தெரியாமல் பனிக்குள்ளேயே தங்கியிருந்தன. இப்படிப்பட்ட காலைகளில் ஹெட்விகாவுக்குத் தான் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறோமோ என்று சந்தேகம் வரும். அவளுக்கு எதில்தான் சந்தேகம் வராது?

ஊர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் அவள். கடையைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் வாரத்தில் இரண்டு மாலை, ஆரம்பப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்கு அடியில் வாள் வீசக் கற்றுக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. விழாக்களில் பழங்கால வாள்சண்டை போட்டுக் காட்டும் கருநாரைக் குழுவின் நிறைவுச் சண்டை இன்று முதல்முறையாக அவள் கைக்கு வந்திருந்தது. பகல் பதினோரு மணிக்கு ஒரு காட்சி, நாலு மணிக்கு இன்னொன்று. இரண்டிலும் ரடோவானும் அவளும்.

"வழி விடுங்க, வழி விடுங்க! குழந்தை வருது!"

பனிக்குள்ளிருந்து முதலில் குரல் வந்தது, பிறகு ரடோவான் வந்தான். நாற்பது வயது, பேருந்து ஓட்டுநர், கதவைவிட அகலமான தோள். மகளின் பழைய கம்பளிப் போர்வையில் எதையோ சுற்றி இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தான். போர்வையில் வாத்துப் படம் போட்டிருந்தது.

மேளக்காரன் ஓட்டோ எட்டிப் பார்த்தான். "கடைசில பொறந்திருச்சா? எத்தனை மாசம்டா?"

"எட்டு. கொல்லன் நேத்து சாயங்காலம்தான் கையில குடுத்தான்."

"எடை?"

"ஆயிரத்து முந்நூத்தி அம்பது கிராம்."

"குறைப்பிரசவம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கணும்."

"அம்மாக்காரிதான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கா" என்றான் ரடோவான். உண்மைதான். அறுநூறு வருடத்துக்கு முன் யாரோ ஆற்றுச் சேற்றில் விட்டுப்போன வாள் ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொல்லன் அதை அங்குலம் அங்குலமாக அளந்து இதைச் செய்திருந்தான். அதே நீளம், அதே எடை, பிடிக்கு மேல் கையைக் காக்கும் குறுக்குக் காப்பின் அதே வளைவு. இரண்டே வித்தியாசம். இதன் விளிம்பு கத்தியாக மெலியாமல் மூன்று மில்லிமீட்டர் தடிமனில் உருண்டு முடிந்தது. முனை, நாணயத்தின் ஓரம்போல மழுங்கியிருந்தது. வெட்டாது, குத்தாது. ஆனால் இரும்பு இரும்புதான். கை தவறி விழுந்தால் எலும்பு நிற்காது.

அதற்காகத்தான் குழுவில் அந்த வழக்கம். தன் வாளைத் தானே சோதிக்கக் கூடாது. அது யார் மேல் வரப்போகிறதோ அவர் சோதிக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. "அவனவன் வாள் அவனவனுக்கு அழகாத்தான் தெரியும். அடி வாங்கப்போறவனைக் கேளு, சரியாச் சொல்லுவான்" என்பாள் ஜார்மிலா. பகலில் தபால் நிலையத்தில் முத்திரை குத்துபவள், குழுவுக்குத் தலைவி. இரண்டு இடத்திலும் ஒரே கை வேகம்.

வழக்கமாகப் புல்லில் துணி விரித்து அதன் மேல்தான் சோதனை நடக்கும். அன்று புல் சொட்டச் சொட்ட நனைந்திருந்ததால் பீர்க் கூடாரத்திலிருந்து ஒரு நீளப் பலகை மேசையை இழுத்துப் போட்டிருந்தார்கள். ஹெட்விகா தன் வாளை அதன் மேல் வைத்தாள். ரடோவான் குனிந்து, அதன் மேலிருந்து கீழாக ஒரு முறை கண்ணை ஓட்டினான்.

"மருந்துக்கடை வாள். இதைத் தொடறதுக்கு முன்னாடி நான்தான் கை கழுவணும். சரியா இருக்கு, தாயே. இருக்காம எங்க போகும்?"

அவள் முகம் சிவந்தது. நேற்று மாலை ஒன்றரை மணி நேரம் அரம் போட்டு, கல் தேய்த்து, எண்ணெய் பூசித் துடைத்திருந்தாள். அதை ஒருவன் கவனித்துச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. வாள் பலகையின் அந்தக் கோடியிலேயே கிடந்தது.

பிறகு அவள் முறை. போர்வையைப் பிரித்தபோது சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். பனி வெளிச்சத்தில் அந்த எஃகு, நீருக்கடியில் கிடப்பதைப் போல் இருந்தது.

பழைய நைலான் காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு இரு விளிம்பிலும் மெதுவாக இழுத்தாள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தாலும் நைலான் காட்டிக் கொடுத்துவிடும். எங்கும் மாட்டவில்லை. முனையில் ஐந்து கொருனா நாணயத்தை வைத்துப் பார்த்தாள். வளைவு பொருந்தியது. குறுக்குக் காப்பைப் பிடித்து ஆட்டினாள், அசையவில்லை. கடைசியாக, பிடியின் அடியில் இருக்கும் குமிழைப் பலகையில் ஊன்றி, வாளை இரண்டு விரலால் நிமிர்த்திப் பிடித்து, மரக்கரண்டியால் அலகைத் தட்டினாள்.

மணிபோல ஒலித்தது. நீளமாக, குளிர்ந்து, பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது. அந்த ஒலிக்கு அடியில் வேறொன்று இருந்தது. மூடிய சீசாவுக்குள் ஒரு தேனீ.

மறுபடி தட்டினாள். மணி, அதன் அடியில் தேனீ. மூன்றாவது முறையும்.

"என்ன?" என்றான் ரடோவான்.

"ஏதோ முனகுது. உனக்குக் கேக்கலையா?"

"இருபது வருஷமா இஞ்சின் மேல உக்காந்து வண்டி ஓட்டறேன், ஹெடா. எனக்கு என் பொண்டாட்டி கூப்பிடறதே கேக்காது."

"கேக்கும். கேக்காத மாதிரி இருப்ப" என்றான் ஓட்டோ. அவனும் தலையைச் சாய்த்துக் கேட்டான். உதட்டைப் பிதுக்கினான்.

ஜார்மிலா வந்தாள். தட்டச் சொல்லிக் கேட்டாள். "எனக்குக் கோயில் மணி மாதிரிதான் இருக்கு. ஆனா இது என் தலை மேல வரப்போற வாள் இல்ல. நீ சொல்லு." போகத் திரும்பியவள் நின்றாள். "மே மாசம் ஞாபகம் இருக்குல்ல?"

இருந்தது. மே மாதம் வேறொரு கோட்டையில், அன்று அவளோடு மோதவிருந்த ஓட்டோவின் வாளை இப்படித்தான் வேண்டாம் என்றாள். சண்டை நின்றது. வாளைக் கொல்லனிடம் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஜார்மிலா திட்டவில்லை. "காரணம் கேக்க மாட்டேன். ஆனா எண்ணிக்கை வெச்சுக்குவேன். இன்னொரு நல்ல வாளை ஒதுக்கினா இந்தக் கோடை முழுக்க நீ வண்டி நிறுத்தற வயல்லதான் நிப்ப" என்று மட்டும் சொன்னாள். ஜார்மிலா சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை.

ஹெட்விகா வாளைப் பார்த்தாள். அதன் சொந்தக்காரனைப் பார்த்தாள். இரண்டு வருடத்துச் செவ்வாய், வியாழன் மாலைகளை மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். கேட்டது உண்மையா, இல்லை, ஏதாவது கேட்குமோ என்று பயந்து பயந்து காதே உண்டாக்கிக்கொண்டதா? சந்தேகம் என்று வந்துவிட்டால் மருந்துக்கடையில் அந்தச் சீசாவைக் கொடுக்க மாட்டாள். அது ஒன்றுதான் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"வேண்டாம்" என்றாள்.

ரடோவான் மெதுவாகக் கீழே குனிந்து, வாளை வாத்துப் போர்வைக்குள் சுற்றினான். "சரி. ஏன்னு கேக்கக் கூடாது. கேக்கல." இரண்டு சுற்று சுற்றியபின், "ஆனா ஏன்?" என்றான்.

"ராடா!" என்று அதட்டினாள் ஜார்மிலா.

"இல்ல இல்ல, கேக்கல. என் மாமியா வந்திருக்கா. எட்டு மாசமா வீட்ல இதைப் பத்தியே பேசிப் பேசிக் கொன்னுட்டேன், அப்படி என்னதான் இருக்குன்னு பாக்க வந்திருக்கா. குழந்தைக்கு இருமல்னு சொல்லிக்கறேன்."

அவன் சிரித்தான். சிரிப்பு கண் வரை போகவில்லை. வண்டியிலிருந்து தன் பழைய வாளை எடுத்து வருவதற்குள் மேளம் முதல் அழைப்பு கொடுத்துவிட்டது. அதை ஹெட்விகா நடந்துகொண்டே சோதித்தாள். கையில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டினாள். சுத்தமான மணி, அடியில் ஒன்றும் இல்லை. பாருங்கள், வித்தியாசம் எனக்குத் தெரிகிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் தைரியம் வந்தது.

பதினோரு மணிக்குப் பனி கலைந்து, ஒரு மெல்லிய வெள்ளை மட்டும் புல்லின் மேல் மிச்சமிருந்தது. கயிற்றுக்கு அப்பால் முந்நூறு பேர் இருப்பார்கள். முன்வரிசையில் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து லாங்கோஷ் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

காட்சி இதுதான். பிளானிக் மலைக்குள் வீரர்கள் தூங்குகிறார்கள் என்பது அந்தப் பக்கத்தில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. நாட்டுக்குக் கெட்ட காலம் வரும்போது எழுந்து வருவார்களாம். கருநாரைக் குழு அதில் ஒன்றைச் சேர்த்திருந்தது. அத்தனை நூற்றாண்டு தூங்குகிறவர்கள் சும்மாவா தூங்குவார்கள்? கனவிலும் சண்டைதான் போடுவார்கள். ஆகவே முதல் மூன்று நிமிடம் தூக்கச் சண்டை, தண்ணீருக்கு அடியில் நடப்பதைப் போல. அதன் பிறகு மேளம் அடித்து எழுப்பும். ரடோவான் தலைக்கவசத்தைக் கழற்றி எறிவான். உடனே ஹெட்விகாவின் ஒன்பது வீச்சு, முழு வேகத்தில்.

ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் கண்ணோடு கண் பார்க்க வேண்டும். அதுதான் குழுவின் முதல் பாடம். எதிரில் கண் இல்லையென்றால் வாள் வராது, வரக் கூடாது. யாராவது கண்ணை மூடிவிட்டால் எதுவானாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும். வாய்விட்டுக் கத்தினால் கூட்டம் பயந்துவிடும் என்பதால் ஜார்மிலா வைத்த ஏற்பாடு அது.

தூக்கச் சண்டை தொடங்கியது. ஹெட்விகாவுக்கு இந்த மூன்று நிமிடம் போதும், மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வாள் தன் எடையைத் தானே சுமந்துகொண்டு எழும். கை பின்னால் போகும். எதிரே ரடோவானின் வாள் ஒரு பெரிய மீனைப்போல் திரும்பும். கவசத்தின் கண் துளைக்குள் அவன் கண் இரண்டும் பளிச்சென்று இருக்கும். இருமல் மருந்து, ரசீது, பூட்டு, எதுவும் நினைவில் வராது. கால் வைக்கும் இடமெல்லாம் ஆழம் தெரியாத தண்ணீர். குழந்தைகள் வாய் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டு வாள்களும் சந்தித்தன. அலகோடு அலகு, அவசரமில்லாமல், சறுக்கிக்கொண்டு குறுக்குக் காப்பு வரை வந்தன.

தேனீ முனகியது.

இந்த முறை அவள் காதில் அல்ல, உள்ளங்கையில்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புதிய வாள் அங்கே இல்லை, போர்வைக்குள் கிடக்கிறது. பழையதை அவளே தட்டிப் பார்த்தாள். வாள்கள் விலகின, வட்டமாகச் சுற்றி மறுபடி சந்தித்தன. உள்ளங்கையில் மறுபடி. பிடியின் தோலுக்குள் ஏதோ ஒரு சிறிய உயிர், பிடித்ததற்காக எரிச்சலோடு அசைந்தது. அவள் பிடிக்குள்.

பலகை அவள் நினைவுக்கு வந்தது. பலகையின் ஒரு கோடியில் அவள் ஊன்றித் தட்டிய வாள். மறு கோடியில் அவளுடைய வாள்.

தூக்கத்தில் யோசிப்பதைப் போல ஒவ்வொன்றாக யோசித்தாள். ஒன்று, பிடித் தோல் தளர்ந்திருக்கலாம், அது ஆபத்தில்லை. இரண்டு, ஒன்பதே வீச்சுதான், தாங்கிவிடும், பிறகு யாரிடமும் சொல்லாமல் கொல்லனிடம் கொண்டுபோகலாம். மூன்று, நிறுத்தினால் ரடோவானின் வாள் நல்ல வாள் என்று அவளே முந்நூறு பேர் முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி. ஜார்மிலாவின் எண்ணிக்கையில் இரண்டு. இந்தக் கோடை முழுக்க வயல். நாலாவது என்று ஒன்று இருந்தது. அதை யோசிக்கத் தொடங்குவதற்குள் ஓட்டோ மேளத்தை அடித்துவிட்டான்.

கூட்டம் துள்ளியது. ரடோவான் தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்தான். வேர்வையில் ஒட்டிய முடி, சிவந்த முகம், புன்னகை. கண்ணால் சொன்னான்: வா.

முதல் வீச்சு, அவன் இடது தோளுக்கு. தடுத்தான். இரண்டாவது வலது தோளுக்கு. தடுத்தான். அந்த இரண்டாவதில் கை ஒரு கணத்திலும் முனை அதற்கு அடுத்த கணத்திலும் போய்ச் சேர்ந்தன. மயிரிழைதான். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்றாவது வீச்சு மேலிருந்து அவன் திறந்த தலைக்கு. அவனுக்குப் பின்னால் நாலடியில் கயிறு. கயிற்றுக்குக் கீழே ஒரு சிறுமி எண்ணெய் விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

வாள் ஹெட்விகாவின் தலைக்கு மேல் எழுந்தது. ரடோவான் தடுக்கக் கையை உயர்த்தினான்.

அவள் கண்ணை மூடினாள்.

இமைக்குள் சிவப்பாக வெயில். ஆற்றின் சத்தம். எங்கோ ஒரு குழந்தை, "ஏம்மா நின்னுட்டாங்க?" என்றது. அவள் வாளை அப்படியே உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று பிறகு கேட்டபோது ஓட்டோ நாலு விநாடி என்றான். அவளுக்கு அது ஒரு மதியத் தூக்கம்.

பிறகு ரடோவானின் மூச்சு பக்கத்தில் வந்தது. பூண்டு வாசனை. "என்ன ஆச்சு, மருந்துக்கடை?"

"முனகினது என்னோடது. உன்னோடது இல்ல."

பெரிய கை ஒன்று அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாளை வாங்கிக்கொண்டது. முனையைத் தரைப்பக்கம் வைத்து, அதைப் புல்லில் படுக்க வைப்பது கேட்டது. உடனே கூட்டத்தைப் பார்த்து அவன் உரக்கச் சொன்னான்: "திரும்பத் தூங்கிட்டா! எழுநூறு வருஷம் தூங்கினது பத்தலையாம்! அப்ப நாட்டுக்கு இன்னும் கெட்ட காலம் வரலைன்னு அர்த்தம். எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க!"

சொல்லிவிட்டு, வெட்டிய மரம்போலச் சாய்ந்து அவனும் புல்லில் படுத்தான். ஹெட்விகாவும் அவனருகில் சரிந்தாள். ஓட்டோ மேளத்தின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டான். கூட்டம் புரியாமல் ஒரு நிமிடம் விழித்தது. யாரோ ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். முன்வரிசைக் குழந்தைகளில் நாலைந்து பேர் தாங்களும் புல்லில் படுத்துக் குறட்டை விட்டார்கள்.

கூடாரத்துக்குப் பின்னால் ஜார்மிலா பிடித் தோலைக் கத்தியால் கீறி உரித்தாள். உள்ளே மரத்தின் இரண்டு பாதிகள். அவற்றைப் பிளந்தாள். அலகிலிருந்து பிடிக்குள் இறங்கும் எஃகு வால் வெளியே தெரிந்தது. குறுக்குக் காப்புக்குக் கீழே அதில் ஒரு கோடு. ஒரு நூலளவு தவிர அகலம் முழுவதும் விரிசல். அதில் பாதி துருப்பிடித்துக் கறுத்திருந்தது, அது பழசு. மீதி வெள்ளையாக மின்னியது, அது புதுசு, அன்றைக்கு வந்தது.

ஜார்மிலா கட்டைவிரலால் சற்று அழுத்தினாள். வால் ரொட்டித் துண்டுபோல முறிந்து அவள் மடியில் விழுந்தது.

"மூணாவது வீச்சுல பறந்திருக்கும்" என்றான் ஓட்டோ.

"அப்ப காலைல எனக்குக் கேட்டது?" என்றாள் ஹெட்விகா. "நான் தட்டினது அவனோட வாளைத்தானே?"

"என் மேளத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நீ இருமினாக்கூட அதோட அடியில கட்டின நரம்பு கூடவே முனகும்" என்றான் ஓட்டோ. "பலகை ஒண்ணுதானே. அங்க தட்டினது பலகை வழியா இங்க வந்து இதை எழுப்பியிருக்கு. மேளம் அடிக்கறவன் நான், எனக்கே தோணலை பாரு. துணியில வெச்சுத் தட்டியிருந்தா ஒண்ணும் கேட்டிருக்காது."

"கேட்டிருக்காது" என்று ரடோவான் திரும்பச் சொன்னான். முறிந்த வாலைக் கையில் எடுத்து, புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "ஜார்மிலா, நான் இதைத் தொடவே இல்ல. கண்ணால பாத்துட்டு சரின்னேன். ஹெடா துடைச்சு வெச்ச வாள்ல என்ன இருக்கப்போகுதுன்னு நெனைச்சேன். அவ என்னோடதை மூணு தடவை தட்டினா. நான் ஒரு தடவை தட்டியிருந்தா..."

"அவனைத் திட்டாதீங்க" என்றாள் ஹெட்விகா. "பாக்கலைன்னு எனக்குத் தெரியும். பாக்கலைங்கறது எனக்குப் பெருமையா இருந்துச்சு."

ஜார்மிலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தபால் நிலையத்தில் முகவரி சரியில்லாத கடிதத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்று பார்ப்பதைப் போலிருந்தது.

"மே மாசம் ஒண்ணு. இன்னிக்கு ஒண்ணு. நல்ல வாளைத்தான் ஒதுக்கியிருக்க. ரெண்டாச்சு."

"அநியாயம்!" என்றான் ரடோவான். "அவளுக்குக் கேட்டது பொய்யில்ல. வாள்தான் வேற. அவ கண்ணை மூடலேன்னா இந்நேரம் என் மாமியா கறுப்பு உடுத்தியிருப்பா. அதுக்கு அவளுக்கு ஆசைதான், அது வேற விஷயம்."

"நான் இன்னும் முடிக்கல. கோடை முழுக்கன்னு சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கறேன். இப்படி மிரட்டி வெச்சா அப்புறம் எவ கண்ணை மூடுவா?" ஜார்மிலா எழுந்து மடியிலிருந்த தோல் துண்டுகளை உதறினாள். "ஆனா நாலு மணிக்கு உன் கையில வாள் இல்ல. பழகாத இரவல் வாளோட உன்னை நான் உள்ள விட மாட்டேன். இன்னிக்கு மட்டும் வயலுக்குப் போ. அங்க ஆள் பத்தலைன்னு காலைலேருந்து கத்தறாங்க. செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வா. இனிமே பலகையில எதையும் தட்டாதீங்க."

"நாலு மணிக்கு யாரு என்னோட?"

"நான்."

ரடோவான் ஹெட்விகாவைப் பார்த்தான். "கேட்டியா? உனக்கு வயல். எனக்கு இவ. யாருக்குத் தண்டனைன்னு நீயே சொல்லு." பிறகு ஜார்மிலா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "குழந்தையை எடுத்துக்கவா?" என்றான்.

"அது நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஹெட்விகா. "முதல்லேருந்தே நல்லாத்தான் இருந்துச்சு. மன்னிச்சுக்கோ."

"அதை ஜார்மிலா தட்டிப் பாக்கட்டும். உங்கிட்ட நான் கேக்கல. நாலு மணிக்கு நீ என் எதிராளி இல்ல." முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னான். ஆனால் போகும்போது அவள் தலையில் கையை வைத்து ஒரு முறை அழுத்திவிட்டுப் போனான். அந்தக் கையின் கனம் அவளுக்கு வெகுநேரம் தலையிலேயே இருந்தது.

நாலு மணி வெயிலில் வயல் கொதித்தது. புல் அறுத்த மூன்றாம் நாள், தரை முழுக்க மஞ்சள், மேலே கானல். கோட்டைச் சுவரின் நிழல் வயலின் கால்வாசியில் விழுந்திருந்தது. எல்லா வண்டிக்காரர்களுக்கும் அந்தக் கால்வாசிதான் வேண்டும். ஹெட்விகா பதினைந்தாம் நூற்றாண்டுக் காவல்காரியின் உடுப்புக்கு மேல் பளீர் மஞ்சளில் ஒரு கையில்லாச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். கையில் ஒரு சிவப்புக் குச்சி. மதியத்திலிருந்து வண்டிகளை நூல் பிடித்தாற்போல் வரிசையாக நிறுத்தியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் இடையில் மூன்று தப்படி. வருபவர்கள் கண்ணாடியை இறக்கி, "வீராங்கனையை இங்க ஏன் நிறுத்தி வெச்சிருக்காங்க?" என்றார்கள். "தூங்கிட்டேன்" என்றாள் அவள்.

சுவருக்கு அப்பால் மேளம் கேட்டது. பிறகு அமைதி. தூக்கச் சண்டைக்கு மேளம் கிடையாது. ஆனால் அவளுக்கு ஒவ்வொரு அடியும் தெரியும். இப்போது வாள் எழுகிறது. இப்போது இருவரும் இடப்பக்கம் சுற்றுகிறார்கள். இப்போது அலகோடு அலகு. வெயிலில் வண்டிகளின் கூரைகள் நெளிந்தன. வயல் முழுவதும் யாரோ தண்ணீர் விட்டாற்போல இருந்தது.

அப்போது சுவரைத் தாண்டி அந்தப் புதிய வாளின் மணி ஒலி வந்தது. நீளமாக, குளிர்ந்து, அறுத்த புல் தாள்களின் மேல் பரவிக்கொண்டே போயிற்று. அடியில் வேறு எதுவும் இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒன்றுமே இல்லை. அவன் எட்டு மாதம் காத்திருந்தது இதற்காகத்தான்.

மேளம் அடித்தது. ஒன்று, இடது தோள். இரண்டு, வலது தோள். மூன்று, மேலிருந்து. காலையில் அவள் நின்றுவிட்ட இடத்தைத் தாண்டி மணி ஒலித்தது. நாலு. ஐந்து, தாழ்ந்து, முழங்காலுக்கு. ஜார்மிலா கை வேகமானவள், நடுவில் மூச்சு விடவில்லை. ஆறு, ஏழு.

"அம்மணி! ஏம்மா! இடதா வலதா? ஒரு முடிவுக்கு வாங்க!"

ஹெட்விகா கண்ணைத் திறந்தாள். எப்போது மூடினாள் என்று தெரியவில்லை. சிவப்புக் குச்சி அவள் தலைக்கு மேல் எட்டாவது வீச்சுக்கு எழுந்து நின்றது. அதற்கு முன்னால் வந்த ஐந்து வண்டிகள், அவள் குச்சி காட்டிய பக்கமெல்லாம் அப்படியே போய், ஒன்று இடப்பக்கம் சாய்ந்தும், ஒன்று வலப்பக்கம் திரும்பியும், ஒன்று பின்னால் போய் வேலிச் செடிக்குள் வாலைச் சொருகியும், வயல் நடுவில் ஒரு பெரிய வளைவாக நின்றிருந்தன. ஆறாவது வண்டியின் ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். ஒன்பதாவது வீச்சு சுவருக்கு அப்பால் ஒலித்து முடியும் வரை பொறுத்திருந்தாள்.

"இடது" என்றாள்.